அண்ணன் பேரில் வெட்டிப் போட்ட காசு

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் ஒருசேர உரிய அண்ணனுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. மதினி உன் படத்துக்குத் தினமும் பூ மாற்றுகிறார். நான் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அழுகை வராமல் இல்லை. உன் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். நீ இருந்தபோதும் அப்படித்தானே இருந்தேன்.

இன்று எழுத உட்கார்ந்தது உன் மகளுக்காக. நீ பூ வைத்து நிச்சயம் செய்துவிட்டுப் போன பவித்ராவின் கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை, பக்கத்துத் தோட்டத்துப் பாண்டி மாமாவின் மகன். அந்த வீட்டுச் சம்பந்தமே வேண்டாம் என்று நிறுத்தியது மதினி. மதினியை அப்படி நிறுத்த வைத்தது நான். என் வாயிலிருந்து வந்த ரெண்டே வார்த்தை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நாலு பேர் காதில் விழும்படிதான் சொல்கிறேன், விழட்டும். மறைத்து மறைத்துத்தான் விவகாரம் இவ்வளவு தூரம் வந்தது.

பாதிக் கதை உனக்கே தெரியும். அப்பா காரியம் முடிந்து ரெண்டாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில், பழனிசெட்டிபட்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். கையில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. "செல்வி, தோட்டத்து மேல லோன் போடணும். வாரிசுக எல்லாரும் கையெழுத்துப் போடணும்ங்கிறாக. ஒரு அரை நாள் லீவு சொல்லுத்தா" என்றாய். சொன்னேன். லோனுக்கு எதற்குப் பத்திர ஆபீசு என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சார் பதிவாளர் நிமிர்ந்து பார்க்காமலே "சம்மதந்தானம்மா?" என்றார். "சம்மதம் சார்" என்றேன். கேள்வித்தாளை ரெண்டு தடவை படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள் என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளிடம் தொண்டை கிழியச் சொல்கிற இங்கிலீஷ் டீச்சர் நான். அந்தப் பத்திரத்தில் ஒரு வரி படிக்கவில்லை. கூடப்பிறந்த அண்ணன் நீட்டுகிற காகிதத்தை எவள் படித்துப் பார்ப்பாள்?

ரெண்டு வருஷம் கழித்து வேறொரு வேலையாக வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் தெரிந்தது. அது விடுதலைப் பத்திரம். அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் எனக்குள்ள பாகத்தை மனப்பூர்வமாக உனக்கு விட்டுக்கொடுத்ததாக நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீழே சாட்சிகள் என்று ரெண்டு கையெழுத்து. ஒன்று பத்திர ஆபீசு வாசலிலேயே நிற்கிற யாரோ ஒரு ஆள். இன்னொன்று பாண்டி மாமா.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். நீ கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "ஒனக்குச் செய்ய வேண்டிய சீரெல்லாம் செஞ்சாச்சுல்ல செல்வி. கெவர்மெண்டு வேலை இருக்கு. தோட்டத்த வச்சு நீ என்ன செய்யப் போற? அங்கன கெடந்து பாடுபடுறவன் நாந்தான" என்றாய். நேரில் வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னமோ. சண்டை போட்டுவிட்டாவது கொடுத்திருப்பேன். என்னை முட்டாளாக்கி வாங்கினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் கல்யாணம், காதுகுத்து என்று எங்காவது பார்த்தால் "வாங்க", "சாப்பிட்டீங்களா". அவ்வளவுதான் நம் பேச்சு. உன்னை நான் நீங்க போட்டுப் பேசத் தொடங்கியதை நீ கவனித்தாயா?

இனி உனக்குத் தெரியாத பாதி.

வருசநாட்டுப் பக்கம், காடு தொடங்குகிற இடத்தில் ஓடைக்கரையில் ஒரு ஆத்தா கோயில் இருக்கிறது. பேர் வேண்டாம். அநியாயம் செய்தவர் மேல் காசு வெட்டிப் போடுகிற கோயில் என்றால் உனக்கே புரியும். கோர்ட்டுக்குப் போனால் ஊர் சிரிக்கும், விட்டுத்தொலை என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நான் ஒரு வெள்ளிக்கிழமை, பரீட்சை டூட்டி என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஓடையில் முங்கி ஈரச்சேலையோடு போய் நின்றேன். பூசாரி உளியும் சுத்தியலும் எடுத்துக் கொடுத்தார். காசைக் கல்லில் வைத்து, நடந்த அநியாயத்தையும் செய்தவர் பேரையும் வாய்விட்டுச் சொல்லி, ஆத்தாவைச் சாட்சியாக வைத்து ரெண்டாக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டு அங்கேயே கிடக்கும். வெட்டியவரும், யார் பேரில் வெட்டினார்களோ அவரும் சேர்ந்து வந்து, பேசி முடித்து எடுக்கிறவரைக்கும் அந்தச் சாபம் அப்படியே நிற்கும் என்பார்கள். எனக்கு முதல் அடி வழுக்கிக் கட்டைவிரலில் இறங்கியது. நகம் கறுத்து விழ ரெண்டு மாதம் ஆனது. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் கதவிடுக்கில் நசுங்கிவிட்டது என்றேன்.

அன்றைக்கு நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "எங்கண்ணன் தங்கராசு என்னய ஏமாத்திட்டான் ஆத்தா. அந்தத் தோட்டத்துக்குள்ளயே அவன் நெஞ்சு வெடிச்சுப் போகணும்." சொன்னது எம்.ஏ., பி.எட். படித்த இந்த வாய்தான். சொல்லும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? திரும்பி வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் பந்தலுக்குள் மருந்தடித்துக்கொண்டிருந்த நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாத்திரையை ஒழுங்காகப் போடாதது என்று டாக்டர் காரணம் சொன்னார். நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் உன்னைக் குளிப்பாட்டும்போது என்னால் பக்கத்தில் வந்து நிற்க முடியவில்லை. களைப்பாக இருக்கிறது என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

நீ போனதற்குப் பிறகு தோட்டமும் சரியில்லை. கவாத்து வெட்டிய கொடி துளிர்க்கவில்லை, போர் மோட்டார் ரெண்டு தடவை எரிந்துபோனது. மதினிக்குப் பயம் பிடித்துவிட்டது. கம்பத்தில் குறி சொல்கிற ஒரு அம்மாளிடம் போய்க் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்தே எனக்குப் போன்.

"செல்வி, வீட்டாளு மேல யாரோ காசு வெட்டிப் போட்ருக்காகளாம்த்தா. ஒங்கண்ணன் கூடவே நின்ன ஆளாம். யாரா இருக்கும்?"

"எனக்கெப்படித் தெரியும் மதினி?"

"கோவிச்சுக்கிராத. பத்திரத்த நெனச்சு நீ எதும்..."

"நான் படிச்சவ மதினி. அதெல்லாம் போய்ச் செய்வேனா?"

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அதான, நீ செய்ய மாட்ட. அப்ப பாண்டியண்ணனா இருக்குமோ? போன வருசம் தண்ணிக் குழாய்க்கு ஒங்கண்ணனோட மல்லுக்கு நின்னாகளே."

அந்த இடத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். நான் சொன்னேன், "இருந்தாலும் இருக்கும் மதினி."

பயத்தில் வந்த வார்த்தை என்று மட்டும் நினைக்காதே. பாண்டி மாமா பேரைக் கேட்டதும் அந்தப் பத்திரத்தில் இருந்த சாட்சிக் கையெழுத்துத்தான் என் கண்ணில் வந்து நின்றது. எல்லாம் தெரிந்தே கையெழுத்துப் போட்ட மனுஷன், கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று ஒரு கெட்ட சந்தோஷம். அது இருந்தது. இல்லை என்று உன்னிடம் போய் நடிக்க முடியுமா?

மறுநாள் விடிந்ததும் மதினி பாண்டி மாமா வீட்டு வாசலுக்குப் போய், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மூன்று கை மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார். நிச்சயத்துக்கு அவர்கள் வைத்த சேலையையும் அங்கேயே எறிந்துவிட்டு வந்துவிட்டார். தெருவே பார்த்திருக்கிறது. பாண்டி மாமா கதவோரம் நின்றாராம். அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்து பவித்ரா வந்தாள். தேனியில் லேபில் வேலை முடித்து அப்படியே வந்திருந்தாள், தோளில் பை, கண்ணெல்லாம் வீங்கிப்போய். "பாண்டி மாமா அப்படிச் செய்ற ஆளே இல்ல அத்தை. அப்பா விழுந்தப்ப தூக்கிட்டு ஓடியாந்ததே அவுகதேன். நீங்க சொன்னா அம்மா கேக்கும். ஒரு தடவ வந்து பேசுங்க அத்தை" என்றாள். அவளுக்கு நாலு தோசை சுட்டுப் போட்டேன். பசியோடுதான் வந்திருக்கிறாள், சாப்பிட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பேசுறேன்த்தா" என்று அனுப்பிவைத்தேன். அந்தப் பிள்ளை என்னை நம்பித்தான் திரும்பிப் போனது.

பேசினேன். "பாண்டி மாமாவா இருக்காது மதினி" என்று போனில் சொல்லிப் பார்த்தேன். "அன்னைக்கு இருக்கும்ன. இன்னைக்கு இருக்காதுங்குற. அப்ப வேற யாரு? ஒனக்கெப்படித் தெரியும்?" என்று மதினி மடக்கினார். எதையோ சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நான்தான் என்று சொன்னால் ஊரே ஏன் என்று கேட்கும். ஏன் என்று சொன்னால் நீ செய்தது வெளியே வரும். பவித்ராவுக்கு நீ என்றால் உசிர். உன்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியான காரணம் பார்.

இப்படியே எத்தனை நாள் ஓட்டியிருப்பேனோ. பிளஸ் டூ வகுப்பில் ஒரு நாள் ஒத்த பொருள் சொற்கள் நடத்திக்கொண்டிருந்தேன். போர்டில் டிடெஸ்ட் என்று எழுதி, வெறுப்பது என்று தமிழும் சொன்னேன். ரெண்டாவது பெஞ்சில் இருக்கிற ஒரு பிள்ளை, சரியான வாயாடி, எழுந்து நின்றது. "ஹேட்டுன்னாலும் வெறுக்கிறது, டிடெஸ்ட்டுன்னாலும் வெறுக்கிறது. அப்புறம் எதுக்கு மிஸ் ரெண்டு?" இருபது வருஷமாகச் சொல்கிற பதிலைச் சொன்னேன். டிடெஸ்ட் என்றால் கொஞ்சம் கூடுதலான வெறுப்பு. "எவ்வளவு கூடுதல் மிஸ்?" என்றது. வகுப்பே சிரித்தது. நாளைக்குச் சொல்கிறேன் உட்கார் என்றேன்.

மதியம் லைப்ரரியில் இருக்கிற பெரிய அகராதியை எடுத்துப் புரட்டினேன். வெறுப்புக்கு இங்கிலீஷில் எத்தனை சொற்கள் வைத்திருக்கிறார்கள் அண்ணே. அப்ஹார் என்று ஒன்று, அதன் வேரில் இருப்பது மயிர்க்கூச்செறிந்து பின்வாங்குவது. பாம்பைப் பார்த்தால் நாம் செய்வது. இந்த டிடெஸ்ட் வேறு வகை. லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த சொல். அதன் வயிற்றுக்குள் சாட்சி என்ற சொல் இருக்கிறது. தெய்வத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டு ஒருவரைச் சபிப்பது என்பதுதான் அதற்கு முதல் பொருள். போகப் போக தெய்வம் உதிர்ந்துபோனது, சாட்சி உதிர்ந்துபோனது, கடும் வெறுப்பு என்பது மட்டும் மிஞ்சிவிட்டது. இப்போது பாகற்காயை டிடெஸ்ட் பண்ணுகிறேன் என்று ஒரு பிள்ளை எழுதினால் நான் மார்க் குறைக்க முடியாது. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவதை அட்டெஸ்ட் என்கிறோமே, அதுவும் இதற்குச் சொந்தக்காரச் சொல்தான். இன்னும் தோண்டிப் போனால், சாட்சி என்பதற்கான அந்த லத்தீன் சொல்லே மூன்றாவதாக நிற்கிற ஆள் என்பதிலிருந்து வந்திருக்கும் என்கிறார்கள்.

அகராதியை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது கேட்கவில்லை.

மறுநாள் அந்தப் பிள்ளையை எழுப்பி இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நம்ம ஊருல காசு வெட்டிப் போடுறாகளே, அதுதேன மிஸ்?" என்றது அந்தப் பிள்ளை, சாதாரணமாக. நான் திரும்பி நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த போர்டைத் துடைத்தேன்.

அண்ணே, ஆத்தாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். உன்னைக் கூப்பிடவில்லையே. உன் முகத்துக்கு நேராக நின்று, "நீ செய்தது துரோகம், உன்னை எனக்குக் காணப் பிடிக்கவில்லை" என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். நீ கத்தியிருப்பாய். நானும் கத்தியிருப்பேன். ஒருவேளை நீ தலையைக் குனிந்திருப்பாயோ? நான் எவ்வளவு வெறுத்தேன் என்று அந்தக் கல்லுக்குத் தெரியும், பூசாரிக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா? தெரியாமலே போய்விட்டாயா? நான் பண்ணிய முதல் தப்பு அது. ரெண்டாவது தப்புக்குப் பேர் பொய்ச்சாட்சி. அதற்குப் பேர் தேட அகராதி வேண்டியதில்லை.

சனிக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போனேன். பூசாரிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வெட்டின காசை எடுக்கணும் என்றேன்.

"ரெண்டு பேரும் வரணும்மா."

"அவுக இல்லீங்க. தவறிட்டாக."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அவுக வீட்டாளுகளக் கூட்டிட்டு வாங்க. நான் இன்னதுக்கு வெட்டுனேன், இன்ன தேதியில வெட்டுனேன்னு அவுககிட்ட வாயத் தொறந்து சொல்லிட்டுத்தேன் எடுக்கணும். சொல்லாம கொள்ளாம எடுக்குறதுக்கு இது என்ன, காணாமப் போன சாமானா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுக்குப் போனேன். பவித்ரா கடைக்குப் போயிருந்தாள். மதினி அடுப்படியில் நின்றார். உட்காரக்கூட இல்லை நான். "மதினி, அந்தக் காசு வெட்டுனது நாந்தேன்" என்றேன்.

மதினி அடுப்பை அணைத்தார். "எப்ப?"

"அஞ்சு வருசமாச்சு."

"பத்திரத்துக்காகவா?"

"ஆமா."

மதினி சட்டியை இறக்கி வைத்தார். "வெட்டுவ" என்றார் அப்புறம். "ஒங்கண்ணன் செஞ்சது அப்படி. வேணாம்னு நான் சொன்னேன், கேக்கல. ஒன் எடத்துல இருந்தா நானும் வெட்டித்தேன் இருப்பேன். அதுக்கு ஒன்னய ஒண்ணும் சொல்ல மாட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவருக்குக் குரல் ஏறிவிட்டது. "ஆனா போன்ல ஒன்ட்டக் கேட்டேன்ல. பாண்டியண்ணனான்னு கேட்டேன்ல. இருந்தாலும் இருக்கும்னியே, அது எந்த வாயிடி? ஒரு பாவமும் அறியாத வீட்டுல என்னய மண்ண வாரித் தூத்த வச்சுட்டியே. அந்த மண்ணு இப்ப எங்கன வந்து விழும்? எம்புள்ள தலையிலயா?"

நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, அந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கிறது? மதினியின் காலில் விழப் போனேன். தள்ளிவிட்டார். "என் கால்ல விழுந்து என்ன செய்ய? நட, அங்கன வந்து சொல்லு" என்று சேலையை இழுத்துச் செருகினார். வாசல்படி தாண்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பத்திர வெவகாரம் பவித்ராவுக்குத் தெரிய வேணாம். அப்பன் மேல உசுரையே வச்சிருக்கு" என்றார். அதற்குள் பவித்ரா எதிரே வந்துவிட்டாள். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் கையிலிருந்த பையோடு கூடவே வந்தாள்.

பாண்டி மாமா வாசலில் மோட்டார் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. மதினி அந்த வாசலில் தண்ணீர் தெளித்து, தான் மண் தூற்றிய இடத்தைத் தன் கையாலேயே கூட்டினார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "மாமா, அண்ணன் மேல காசு வெட்டுனது நான். பழிய உங்க மேல போட்டதும் நான். மதினி மேல தப்பில்ல."

அவர் ஒயரைக் கீழே வைத்தார். "சொந்த அண்ணன் மேல காசு வெட்டுறதுன்னா சும்மாவா தாயி? என்னா காரணம்?"

"குடும்பச் சண்டை மாமா."

"என்னா சண்டை? இந்த வாசல்ல மண்ணு விழுந்தத ஊரே பாத்துச்சு. காரணம் சொல்லாம நாந்தேன்னு நீ வந்து நின்னா, கல்யாணம் நடக்கணும்னு டீச்சரம்மா பழிய ஏத்துக்கிருச்சுன்னுதேன் பேசுவாக. எம் பேரு அப்படியேதேன் கெடக்கும்."

மதினி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பவித்ரா எனக்கு இடது பக்கம் நின்றிருந்தாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. உன் பேரா, அந்த மனுஷன் பேரா என்று ஆகிவிட்டது அண்ணே. நான் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னேன். லோன் என்று சொல்லி நீ கூட்டிப்போனது, பத்திர ஆபீசு, நான் போட்ட கையெழுத்து, ரெண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது, போனில் நீ சொன்னது. "சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போட்டிருக்கீங்க மாமா. உங்களுக்குத் தெரியாதா?" என்றும் கேட்டேன்.

"எனக்கும் லோனுன்னுதேன் சொன்னான்" என்றார். "எனக்கு எம் பேரு மட்டுந்தேன் எழுதத் தெரியும் தாயி. படிக்கத் தெரியாது. மச்சான் கூப்புட்டான், போனேன்."

ஐந்து வருஷமாக அந்த மனுஷனையும் சேர்த்து வெறுத்துக்கொண்டிருந்தேன். படிக்கத் தெரியாத அவரும் படிக்கவில்லை, படித்த நானும் படிக்கவில்லை. நீ சொன்னாய் என்று ரெண்டு பேரும் போட்டோம்.

"அத்தை, பொய் சொல்லியா அப்பா வாங்குனாக?" என்றாள் பவித்ரா.

இல்லை என்று சொல்ல எனக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள். "ஆமாத்தா" என்றேன். அவள் பையை அங்கேயே வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி வரப்பு மேல் நடந்து போனாள். யாரும் கூப்பிடவில்லை.

பாண்டி மாமா உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து மதினியிடம் நீட்டினார். "குடி தங்கச்சி. தை பெறக்கட்டும், தேதி பாப்போம்" என்றார். மதினி குடித்தார். எனக்கு அவர் தண்ணீர் தரவில்லை. தராததில் எனக்கு வருத்தமில்லை.

ஆகக் கல்யாணம் நடக்கப்போகிறது. கோயிலுக்கு இன்னும் போகவில்லை. பவித்ராவும் வரவேண்டும் என்கிறார் மதினி, அவள் பிடி கொடுக்கவில்லை. போன வாரம் எனக்கு போனில் ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தாள். "கல்யாணத்துக்கு வாங்க அத்தை. அத்தை முறை செய்ய எனக்கு நீங்கதான் இருக்கீங்க. ஆனா இனிமே அப்பாவப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க."

நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு தோட்டத்தை. நான் அவளிடமிருந்து எடுத்துவிட்டது அவள் அப்பாவை. உண்மையைத்தான் சொன்னேன் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் எனக்கு ஆறுதலாக இல்லை.

அவள் சொன்னபடி நானாகப் பேச மாட்டேன். ஆனால் அவளுக்கும் பிள்ளை பிறக்கும், ஏதோ ஒரு நாள் அப்பா எப்படிப்பட்டவர் என்று அவளே என்னிடம் வந்து கேட்பாள். வேறு யாரிடம் கேட்பாள்? என் பிரசவத்துக்கு ரத்தம் கொடுக்க வந்த நீ ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தாய், உன்னையும் பக்கத்துக் கட்டிலில் படுக்கப் போட்டார்கள். தெளிந்ததும் மறுபடி கையை நீட்டினாய். அதை அவளுக்குச் சொல்வேன். உன்னை ஏமாற்றுக்காரன் என்று சொன்ன இதே வாயால் சொல்வேன். இந்த நல்லதில் ஒன்றைக் கூட்டவும் மாட்டேன், அந்தத் துரோகத்தில் ஒன்றைக் குறைக்கவும் மாட்டேன். அவள் நம்பாவிட்டால் நம்புகிற வரைக்கும் சொல்வேன்.

உன்னை இன்னும் வெறுத்து முடிக்காத
உன் தங்கச்சி,
செல்வி